மண்ணாய்ப் போ

"கிள்ளுதுக்கா" என்றான் இம்தியாஸ்,
டிரைவ் பெட்டியில் பட்ட புறங்கையை
இன்னொரு கையால் தடவிக்கொண்டு.
அம்பத்தூர் எஸ்டேட். மே மாதம்.
பகல் பதினொன்றரை.
செருப்பு போட்டுக்கிட்டுத் தொடச் சொல்லு
என்றார் தணிகைவேல் சார்,
மூன்று வருடமாக எல்லா மெஷினுக்கும்
அவரிடமுள்ள ஒரே மருந்து அது.

மெயினை இறக்கினேன். பூட்டினேன்.
சாவி என் சட்டைப்பைக்குள்.
"ஆண்கள் வேலை செய்கிறார்கள்" என்று
அச்சடித்து வந்த அட்டையைத் தொங்கவிட்டேன்.
அதில் ண் எழுத்தை அடித்து
ட் ஆக்கி வைத்தது நான்தான்.

பிறகு பத்து நிமிடம் சும்மா நின்றேன்.
இந்த வேலையில் கஷ்டமான வேலை அதுதான்.
விளக்கு அணைந்துவிட்டது, விசிறி ஓய்ந்துவிட்டது,
ஆனாலும் உள்ளே கெப்பாசிட்டர்கள்
அறுநூறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான கோபத்தை
வாய்க்குள் அடக்கிக்கொண்டிருக்கும்.
வீட்டில் அப்படியொருவர் எனக்கு உண்டு.
சமாதானமாகிவிட்டது என்று நம்பிக்
கை நீட்டக் கூடாது.
மீட்டரை உயிருள்ள பிளக்கில் வைத்துப் பார்த்தேன்,
அப்புறம் இங்கே, அப்புறம் மறுபடி அங்கே.
செத்த மீட்டருக்கு
எல்லாமே செத்ததாகத்தான் தெரியும்.

மூடியைக் கழற்றினால்
போன வருடம் வந்தவனின் கையெழுத்து.
உள்ளே வரும் மூன்றும்
மோட்டாருக்குப் போகும் மூன்றும் சரி;
மாற்றியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும்.
பச்சை மஞ்சள் ஒயரைத்தான்
பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.
கேபிளின் ஷீல்டை எலிவால் சடையாக முறுக்கி
எங்கோ ஒரு மூலையில் செருகியிருக்கிறான்.
அதன் கழுத்தைச் சுற்றி முழுசாய்ப் பிடிக்க வேண்டிய கிளாம்ப்
உறை பிரிக்காமல் பேனலின் அடியில் கிடந்தது.

சுரண்டினேன்,
தகரம் பல்லைக் காட்டும்வரை.
பல் வாஷர், லக், நட்டு.
டிரைவிலிருந்து ஓர் ஒயர்,
மோட்டார் உடம்பிலிருந்து ஓர் ஒயர்,
தனித்தனியே செம்புப் பட்டைக்கு.
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து போனால்
நடுவில் ஒருவர் விலகியதும்
மிச்சப் பேர் அந்தரம்.

பட்டை வெளியே போகிறது, சுவரோரம்,
எர்த் குழிக்கு.
மூடியைத் தூக்கினேன்:
பிஸ்கட் உறை, பீடித்துண்டு, பாளம் பாளமாக மண்.
பதினாலு ஓம்.

இரண்டு குடம் தண்ணீர் வேண்டும்.
எஸ்டேட் முழுக்க லாரிக்குக் காத்திருந்த நாளில்
பேக்கிங் செக்‌ஷன் வாசலில் நின்று கேட்டேன்.
"மனுசாளுக்கே இல்ல, குழிக்கா?"
சகாயமேரி கேட்டதில் தப்பில்லை.
எப்படிச் சொல்வது?
எங்கள் தெருக் குழாயடியில்
தினமும் காதில் விழும் சாபம்:
மண்ணாய்ப் போ.
வழிதவறி வரும் மின்சாரத்துக்கு
அதையே கெஞ்சலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.
மண்ணாய்ப் போ, ராசா.
மண்ணுக்கே போ.
இம்தியாஸ் வழியாகப் போகாதே.

சொல்லவில்லை. "ஷாக் அடிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றரை மணிக்கு வந்தாள்,
பன்னிரண்டு பேர் டப்பா கழுவிய தண்ணீர்
இரண்டு பெயின்ட் வாளியில்.
"இத குடிக்குமா?"
குடித்தது.
பருக்கையோடு, மத்திமீன் எண்ணெயோடு,
கொரகொரவென்று சத்தம் போட்டுக் குடித்தது.

நாலு மணிக்கு மூன்றரை ஓம்.
பூட்டைத் திறந்து மெயினை ஏற்றி
பெட்டிக்கும் பட்டைக்கும் நடுவே அளந்தேன்: பூஜ்யம்.
இம்தியாஸ் மீட்டரை நம்பவில்லை.
ஒற்றை விரலின் பின்பக்கத்தால் தொட்டான்,
எடுத்தான்,
மறுபடி தொட்டான்.

"வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றவும்"
என்று லாக் புக்கில் எழுதினேன்.
"கிடைத்தால்" என்று தணிகைவேல் சார்
பக்கத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஷிஃப்ட் முடிந்து போகும்போது பார்த்தேன்.
எர்த் குழி மூடியின் மேல் ஒரு பூனை,
மீன் எங்கேயென்று
சிமென்ட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.